குரலுக்குப் பணிவிடுப்புச் சான்று கோரும் விண்ணப்பம்

பெறுநர்: நேயர் நெஞ்சங்களில் நீங்கா இடம்பெற்ற தனியார் பண்பலை நிலையமொன்றின் மேன்மைதங்கிய மனிதவளத் துறையினர்

பண்பலை வானொலியில் மணிக்கொரு முறை நிலையத்தின் பெயரையும் அலைவரிசை எண்ணையும் முழங்கும் சில விநாடிப் பதிவு ‘ஸ்டேஷன் ஐடி’, அதாவது நிலைய அடையாளக் குரல், எனப்படும். செலவுக் குறைப்பின்பொருட்டு நிலையத்தார் சென்ற ஆண்டு விடைகொடுத்தனுப்பிய காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவரின் குரலிலேயே அவ்வடையாளம் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதே தொகுப்பாளர், அதே நிலையம் அண்மையில் அறிவித்த பணியிடத்திற்கு விண்ணப்பித்தபோது, அவரது குரல் நிலையத்தின் ஒலித்தன்மைக்குப் பொருந்திவரவில்லை என்று தெரிவிக்கும் மின்னஞ்சல், மறுமொழி அனுப்ப இயலாத முகவரியொன்றிலிருந்து வந்துசேர்ந்தது. நிலையத்தாரின் நுண்ணிய செவித்திறனைப் போற்றும் கடமை தமக்கு உண்டென்று கருதியே விண்ணப்பதாரர் இதனை வரையத் துணிந்துள்ளார்.

ஆளை அனுப்பிவிட்டு அவருடைய குரலை மட்டும் பணியில் நிறுத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டின் நுட்பம் தனியே ஆராயத்தக்கது. பணியில் இருப்பவர் குரலே என்பதால் அவரைக் ‘குரலார்’ என்று மரியாதைப் பன்மையில் சுட்டுவதே முறை; விண்ணப்பதாரர் அவரை அண்டிவாழும் வேலையற்ற உறவினர் மட்டுமே. குரலார் பொங்கலன்றும் விடுப்புக் கேட்பதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அழைத்துவர அவருக்கு வண்டி அனுப்ப வேண்டியதில்லை. வருங்கால வைப்பு நிதியைப் பற்றி அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. விண்ணப்பதாரருக்குக் காய்ச்சல் கண்டு தொண்டை கட்டிக்கொண்ட வாரத்திலும் குரலார் கணீரென்று பணிக்கு வந்தார் என்பதை அக்கம்பக்கத்தார் வானொலி வழியே உறுதிசெய்துள்ளனர்.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. தனியார் பண்பலைக்கான மூன்றாம் கட்டக் கொள்கை 2011இல் வந்தபோது, ஒரு நிறுவனம் தனக்குச் சொந்தமான நிலையங்கள் அனைத்திலும், அவை நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பலாம் என்று அரசு இசைவளித்தது. இதற்குத் துணையாக வந்து நின்றது ‘வாய்ஸ் டிராக்கிங்’ என்னும் முறை. பாடல்களுக்கிடையே தொகுப்பாளர் பேசும் பேச்சை, தொழில்வழக்கில் ‘லிங்க்’ எனப்படுவதை, முன்கூட்டியே பதிந்து வைத்து, நேரலை போலத் தோன்றும்படி கணினி வழியே ஒலிக்கவிடுவதே அது. விளைவாக, ஐந்து ஊர்களில் ஐவர் பார்த்த வேலையைச் சென்னையில் குளிரூட்டப்பட்ட அறையொன்றில் அமர்ந்திருக்கும் ஒருவர் முதல்நாள் மாலையிலேயே முடித்துவிட்டு, மறுநாள் காலை திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் உறக்கத்திலிருந்தபடியே வணக்கம் சொல்ல முடிகிறது. சிக்கனம் என்ற அளவில் இதனைப் பாராட்டாதிருக்க இயலாது.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது எனத் தடுக்கும் அதே கொள்கை, வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், இயற்கைப் பேரிடர் பற்றிய அறிவிப்புகளைச் செய்தியல்லாதவை என வகைப்படுத்தி அவற்றுக்கு இடமளித்திருக்கிறது. காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு நாளில், முதல்நாளே பதிவான லிங்க் இதமான காலைப்பொழுதை வாழ்த்திக்கொண்டிருக்குமானால், எந்தப் பாலம் போயிற்று, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறிற்று என்று அந்த ஊருக்கு யார் சொல்வது? மின்சாரமும் கைப்பேசிச் சமிக்ஞையும் போனபின் மிஞ்சுவது வானொலிப் பெட்டி ஒன்றுதான் என்பது தெரிந்தே ஒலிவாங்கியின் முன்னாலிருந்த ஆளை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். இதற்குப் பெயர் சிக்கனமன்று, பொறுப்பின்மை. இவ்விடத்தில் நடை சற்று அலைவரிசை பிறழ்ந்துவிட்டது. நிலையத்தார் பெருந்தன்மையுடன் பொறுத்தருள்வர் என்பது விண்ணப்பதாரரின் நம்பிக்கை.

பணமுடை வானொலிக்குப் புதிதன்று என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடல் வேண்டும். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கிய சென்னை மாகாண வானொலி மன்றம், 1927இல் நிதியில்லாமல் ஓய்ந்தது. பின்னர் 1930இல் மாநகராட்சிதான் அப்பணியைத் தொடர்ந்தது. அந்த மன்றத்தார் கடையை மூடியபோது குரல்களையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். பதிந்து வைத்துக்கொள்ளும் வசதி அவர்களுக்கு வாய்க்கவில்லை, பாவம்.

வேலை தேடும் வானொலித் தொகுப்பாளரின் வாழ்வு பெரும்பாலும் படிவங்களால் ஆனது. நிலையத்தாரின் இணையப் படிவத்தில் முதற்கேள்வி இன்ஸ்டாகிராமில் பின்தொடர்வோர் எத்தனை பேர் என்பது. இரண்டாவது கேள்வி வயது. குரல் மாதிரியை, அதாவது ‘டெமோ’வை, இணைக்கும் இடம் கடைசியில், விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்ற குறிப்புடன் உள்ளது. முப்பதுக்குட்பட்டோர்க்கு முன்னுரிமை எனப் படிவம் கூறுகிறது. விண்ணப்பதாரர் நாற்பதைக் கடந்துவிட்டார்; குரலாரோ பதிவான நாளின் இருபத்தாறு வயதிலேயே நின்றுவிட்டமையால், தகுதி வரம்புக்குள் வருபவர் இங்கும் அவரே.

நிலையத்திற்கு வெளியே உள்ள வாய்ப்புகளை விரித்துரைக்க வேண்டிய தேவையில்லை. ஆகாசவாணியில் தற்காலிக அறிவிப்பாளராகத் தேர்வானாலும் மாதத்திற்கு ஆறு முறைக்கு மேல் பணி தரப்படுவதில்லை. ஆர்.ஜே. பாலாஜியைப் போலச் சினிமாவுக்குப் போகலாமே என்று எடுத்துரைக்காத உறவினர் எவருமில்லை. மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில் எனத் தம் நிலையத்தின் பெயரையே ஊர்ப்பெயர் போல முன்னால் சூடிக்கொண்டு திரைக்குப் போனவர்களும் உடனடியாக மேற்கோள் காட்டப்படுகின்றனர். எஞ்சியிருப்பவை திருமண வரவேற்பு மேடைகளும் நகைக்கடைத் திறப்புவிழாக்களும். அங்கே மாப்பிள்ளையின் மாமா அருகில் வந்து, ‘உங்க குரலை இப்பதான் கார்ல கேட்டுட்டு வந்தேன், இன்னும் அங்கதான இருக்கீங்க?’ என்று கேட்கும்போது, குரலார் இருக்கிறார் என்று சொல்வதே உண்மைக்குப் பொருத்தமான மறுமொழியாகிறது.

நிராகரிப்பு மின்னஞ்சலுடன் இணைப்பாக ஓர் ஒப்புதல் படிவமும் வந்தது என்பதை இதுவரை குறிப்பிடாமைக்குக் காரணம் கூச்சமே. ஏற்கெனவே நிலையத்தின் வசமுள்ள பதிவுகளை, செயற்கை நுண்ணறிவு மூலம் புதிய சொற்களைப் பேசவைக்கும் ‘குரல் மாதிரி’ ஒன்றை உருவாக்கப் பயன்படுத்திக்கொள்ள இசைவு தெரிவித்துக் கையொப்பமிடுமாறு அப்படிவம் பணிவுடன் கோருகிறது. ஊதியம் என்ற பத்தி அதில் இல்லை. ‘லால் சலாம்’ திரைப்படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024இல் இத்தகைய தொழில்நுட்பத்தால் ஒலிக்கச்செய்த ஏ.ஆர். ரஹ்மான், அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று உரிய ஊதியமும் அனுப்பியதாக அறிவித்தார். இறந்தவர் குரலுக்குக் கிடைத்த மரியாதையைப் பெற, உயிரோடிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று நிலையத்தார் எதிர்பார்க்கின்றனர்? பொருந்தாத குரல் என்று ஒருவரைத் திருப்பியனுப்பும் அதே கடிதத்தில் அக்குரலை இலவசமாகக் கேட்பதற்கு முகத்தில் சற்றேனும் வெட்கம் வேண்டாமா? போலந்தின் கிராக்கோவ் நகர வானொலி நிலையமொன்று 2024 அக்டோபரில் தொகுப்பாளர்களை அனுப்பிவிட்டுச் செயற்கைக் குரல்களை அமர்த்தியது. மறைந்த கவிஞர் விஸ்வாவா சிம்போர்ஸ்காவிடமே நேர்காணல் எடுத்ததாக ஒலிபரப்பியும் பார்த்தது. மக்கள் எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே அந்தச் சோதனையைக் கைவிட்டது. நிலையத்தாரின் மேலான பார்வைக்கு இது பணிவுடன் வைக்கப்படுகிறது.

இனி விண்ணப்பத்தின் உட்பொருள். வேறொரு நிலையத்தின் நிகழ்ச்சித் தலைவர் விண்ணப்பதாரரின் டெமோவைக் கேட்டு மகிழ்ந்து, ஊதியம் வரை பேசிவிட்டு, மறுநாள் மறுத்துவிட்டார். குரலைக் கேட்டவுடன் நேயர்களுக்குப் போட்டி நிலையத்தின் நினைவே வரும் என்பது அவர் கூறிய காரணம். அதில் தவறு காண இயலாது. விண்ணப்பதாரரின் பணிவிடுப்புச் சான்று, அதாவது ‘ரிலீவிங் லெட்டர்’, முறைப்படி கையில் இருக்கிறது. குரலாருக்குத்தான் அது இன்னும் வழங்கப்படவில்லை. ஆதலால், குரலாரின் பணிக்காலத்தைக் கணக்கிட்டு நிலுவை ஊதியத்தைத் தீர்த்து, அவர் பெயருக்குத் தனியே ஒரு பணிவிடுப்புச் சான்று அளிக்குமாறும், அது இயலாதெனில் குரலாருக்குத் துணையாக அவருடைய உறவினரையும் அதே நிலையத்தில் அமர்த்திக்கொள்ளுமாறும் வேண்டப்படுகிறது. ஒப்புதல் படிவம் கையொப்பமிடப்படாமல் இத்துடன் திருப்பியனுப்பப்படுகிறது.

இங்ஙனம்,
குரலாரின் உறவினர்