ஆக்சிமீட்டர் பரீட்சையில் தேறுவது எப்படி?

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று டாக்டர் சொல்லியாயிற்று. மகன் பல்ஸ் ஆக்சிமீட்டரும் வாங்கி வந்துவிட்டான். இனி யாரும் உங்களை "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கமாட்டார்கள், "எவ்வளவு காட்டுது?" என்பார்கள். நல்ல மார்க் வாங்கச் சில வழிகள்:

1. குளித்துவிட்டு வந்த கையோடு விரலை நீட்டாதீர்கள். 86 என்று உண்மையைப் போட்டு உடைத்துவிடும். முதலில் உட்காருங்கள்.

2. மூக்கால் நிதானமாக, ஆழமாக இழுங்கள். உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஊதுங்கள். பலருக்கு எண் ஏறும். மந்திரமில்லை, கணக்குதான். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. மூச்சுக்குழாய்களோடு நின்றுவிடும். நிமிடத்துக்கு 30 முறை 200 மி.லி. இழுத்தாலும், 12 முறை 500 மி.லி. இழுத்தாலும் மொத்தம் 6 லிட்டர்தான். காற்றறைகளைச் சேர்வதோ முதல் வகையில் 1.5 லிட்டர், இரண்டாவதில் 4.2. சிஓபிடியில் வீணாவது இன்னும் அதிகம்.

3. ஆர்வக்கோளாறில் வேகமாக இழுக்காதீர்கள். சுருங்கிய குழாய் வழியே பழைய காற்று வெளியேறுமுன் புதியது நுழைந்தால் நெஞ்சு உப்பும், இளைப்பு கூடும்.

4. எண் உடனே ஏறவில்லையென்று கருவியைத் தட்டாதீர்கள். நுரையீரலில் சேர்ந்த ஆக்சிஜன் விரல்நுனி வரை வர வேண்டும். கருவியும் சராசரி பார்த்துத்தான் சொல்லும்.

5. உச்சம் தொட்டதும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள். பிறகு பழையபடி மேல்மூச்சு வாங்கலாம். இறங்கும் எண்ணை யாரும் படமெடுப்பதில்லை.

6. சென்டத்துக்கு ஆசைப்பட்டு வீட்டு ஆக்சிஜனைக் கூட்டிவிடாதீர்கள். கரியமில வாயு தேங்கும் அபாயமுள்ளவர்களுக்கு டாக்டர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அந்த வாயு எவ்வளவு தேங்கியிருக்கிறதென்று விரலில் மாட்டிய கருவி சொல்லாது.

7. டாக்டரிடமும் அந்தப் படத்தையே காட்டுங்கள். "பரவாயில்லையே, ஆக்சிஜன் தேவைப்படாது போலிருக்கிறதே" என்பார். நீங்களும் தேறிவிட்ட பெருமையோடு படியேறி, பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால், கருவியை மாட்டி ஆறு நிமிடம் நடக்கச் சொல்லிவிட்டால் பிட் அடிக்க வழியில்லை.

மார்க் வேண்டாம், மருத்துவம் போதும் என்பவர்கள், வழக்கமான மூச்சில் ஓய்வாக இருக்கும்போது ஒன்று, நடந்ததும் ஒன்று என எழுதிவையுங்கள். 2ஆம் வழியைப் படியேறும்போது செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட் காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தருவதும் அதைத்தான்.