வளைவுக்குச் சீமெந்து வாங்கின மருமகனுக்கு

வா மருமகன், இரி. வெத்திலை போடுவியோ? சுவிஸ்ஸுக்குப் போன ஆக்கள் விட்டிருப்பீங்க. சரி, எனக்கு ஒரு சுருள் மடிச்சித் தா.

கோயிலடி ரோட்டுல வளைவு கட்டப் போறியாம். தாயிட பேர் நடுவில, ஒண்ட பேர் அதுக்கு மேல, ஒண்ட படம் எல்லாத்துக்கும் மேல. படத்துல கூலிங் கிளாஸ் போடுறதா விடுறதா எண்டுதான் இன்னும் முடிவில்லையாம். போட்டுக்கொள் மகன். நாலு சித்திரை வெயில் காஞ்சா முகம் வெளிறிப் போகும், கண்ணாடி மட்டும் மிஞ்சும். 'கண்ணாடிக்காரன் வளைவு' எண்டாவது ஊர் சொல்லும்.

நான் தடுக்கல்ல கா. இந்த ஆசை வெள்ளைக்காரனுக்கும் இருந்திச்சி. நம்மட பாலத்துக்கு அவன் வெச்ச பேர் லேடி மானிங் பாலம். ஆளுநர் மானிங்கிட பொஞ்சாதி பேர். நேத்து ஓட்டோக்காரனுக்கு நீ என்னண்டு சொன்னாய்? 'கல்லடிப் பாலத்தடிக்கு விடு' எண்டுதானே. அந்த அம்மா பாவம், ஒரு ஓட்டோக்காரன்ட வாயிலகூட இல்ல. இத்தனைக்கும் அவட புருசன் இலங்கையையே ஆண்டவன். ஒனக்கு என்ன, சூரிச்சில ஒரு ரெஸ்ரோரண்ட்.

அந்தப் பாலத்தக் கடந்து உப்போடைக்குப் போ. அங்க ஒரு மனுசன் படுத்திரிக்கார். காரைதீவுப் பொடியன், 1892ல பிறந்தவர், பேர் மயில்வாகனம். லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம். மானிப்பாய் இந்துக் கல்லூரியில அதிபர். பொண்ணு குடுக்க எத்தினை போடிமார் வண்டி கட்டியிருப்பாங்க எண்டு நீயே யோசி. மனுசன் 1922ல மெட்ராசுக்குப் போய் ராமகிருஷ்ண மடத்துல சேந்தார், 1924ல காவி. தாய் தகப்பன் வெச்ச பேரையும் அங்கேயே கழட்டி வெச்சிற்று விபுலானந்தராக் கிறுகி வந்தார்.

மறுகா 1929ல உப்போடையில பள்ளிக்கூடம் திறந்தார். அதுக்காவது தன்ட பேர வெச்சாரா? குருவிட பேர வெச்சார்: சிவானந்த வித்தியாலயம். ஒன்னப் போல புத்தியுள்ள மருமகன் ஒருத்தன் பக்கத்துல இருந்திருந்தா வாசல்ல படம் வைக்கவாவது சொல்லிக் குடுத்திருப்பான். குடுத்து வைக்கல்ல.

மறுகா அந்த யாழ் நூல். கணக்கும் பௌதிகமும் படிச்ச மனுசன், ஆரும் கண்ணால காணாத பழைய யாழ சிலப்பதிகாரத்துக்குள்ள தேடி வருசக்கணக்கா உடம்ப முறிச்சார். 1947 ஜூனில அரங்கேற்றம். ஜூலை 19ல ஆள் போயிற்றார். மாலை வாடுற வரைக்கும் நிக்கல்ல எண்டு சொல்லு. பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே அடக்கம். இப்ப என்னடா எண்டா கிழக்குப் பல்கலைக்கழகத்து அழகியல் நிறுவகத்துக்கு அவர்ட பேர். வேணாம் எண்டு போட்டிற்றுப் போன மனுசன ஊர் விட்டாத்தானே!

இதக் கேட்டிற்று 'அப்ப நானும் பேர் போடாமக் குடுக்கன் மாமா' எண்டு கிளம்பிராத. பேர் போடாமக் குடுத்த கதைய ஆறு வாட்ஸ்அப் குறூப்பில நீயே போடுவாய். ஒன்ன எனக்குத் தெரியாதா?

பாதர் ஹேபரத் தெரியுமா ஒனக்கு? யூஜின் ஹேபர். அமெரிக்காவில இருந்து வந்த யேசுசபைப் பாதிரியார். புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். 1990ல அடிபிடி தொடங்கக்க ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம், போகல்ல. ஆகஸ்ட் 15, வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டர்ல வந்தவர், கூட ஒரு தமிழ்ப் பொடியன். ரெண்டு பேரும் வந்து சேரல்ல. எந்த இடத்துல கல்லு நடுறது எண்டுகூட இண்டைக்கு வரைக்கும் தெரியாது.

இதுல பகிடி விட எனக்கு வாய் வரல்ல. சுண்ணாம்ப எடு.

ஒண்ட தாயிட கதைக்கு வருவம். 78 நவம்பர் சூறாவளி. விடிஞ்சி பாத்தா தென்னை எல்லாம் விழுந்து கெடக்கு, ஒரு வீட்டுக்கும் கூரையில்ல. அவள் நனைஞ்ச விறகோட மல்லுக்கட்டி, கண்ணெல்லாம் சிவந்து, இருந்த ரெண்டு கொத்து அரிசியையும் கஞ்சி காய்ச்சி ஒழுங்கை முழுக்க ஊத்தினாள். தனக்கு அடிச்சட்டியக் கழுவின தண்ணி. அதக் குடிச்சவனுகள் இன்னும் இஞ்ச இரிக்கானுகள் மகன். அவள்ட பேரச் சொல்ல அவனுகளுக்கு வளைவு வேணுமா?

காசு கை அரிச்சா ஒரு விடியக் குருமண்வெளித் துறையடிக்குப் போ. மண்டூருக்குப் போற பாதைப் படகுல புள்ளைகள் சைக்கிளோட வந்து ஏறும். சீற்று கிழிஞ்சி சாக்குச் சுத்தியிரிக்கும். டயர் வழுவழு எண்டு ஒண்ட மண்டை மாதிரி. நாலு டயர் மாத்திக் குடு. டயரிலயும் பேர் எழுதலாம்தான், ஆனா உருளக்க வாசிக்க ஏலாது.

சரி, யோசிச்சிச் செய். வளைவக் கைவிட்டா அந்தச் சீமெந்துப் பேக் எல்லாம் கட்டி பத்திரும் கா. எங்கட கிணத்துக் கட்டும் வெடிச்சித்தான் கெடக்கு. நாளைக்கு லாண்ட் மாஸ்டர்ல ஏத்தி அனுப்பிவிடு. ஒண்ட பேர் வெளிய வராது, அதுக்கு நான் பொறுப்பு.