பில்டப் அண்ணன்

"ஒரு சின்ன விஷயந்தான். ஆனா உக்காந்து கேளு."

இப்படி ஒருவர் பேச்சைத் தொடங்கினால் இரண்டு சங்கதி உறுதி. விஷயம் சின்னது. உட்காரத்தான் வேண்டியிருக்கும். மதுரையில் தெருவுக்கு ஒரு டீக்கடை, டீக்கடைக்கு ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு ஓர் அண்ணன் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த அண்ணனைத்தான் ஊர் 'பில்டப் பார்ட்டி' என்கிறது. முகத்துக்கு நேரே சொல்வதில்லை. முகத்துக்கு நேரே, "சொல்லுங்கண்ணே, அப்புறம்?" என்றுதான் கேட்கிறது. அந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதில்தான் அவர் ஜீவன் ஓடுகிறது.

ஆளைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட அரைக்கை வெள்ளைச் சட்டை. பையில் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே, அதனால் மெல்லிய துணி. போன் அடித்தால் உடனே எடுக்கமாட்டார். எண்ணைப் பார்ப்பார், உச்சுக் கொட்டுவார், "இவரு வேற, காலைல இருந்து விடமாட்டேங்குறாரு" என்று பொதுவாக அறிவித்துவிட்டு அணைப்பார். கூப்பிட்டது, கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவு செய்த குரல். அதுவும் காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டது நிஜம்தான்.

இங்கேதான் அண்ணனுக்காக நான் கொஞ்சம் வக்காலத்து வாங்க வேண்டியிருக்கிறது. அவர் பொய் சொல்வதில்லை. புளுகனையும் அவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். புளுகன் இல்லாத வீட்டை இருக்கிறது என்பான். அண்ணனிடம் வீடு இருக்கிறது, ஓர் அறைதான், ஆனால் வாசலில் ஏழு நிலைக் கோபுரம். ஒரு நாள் நடந்த உரையாடலைக் கேளுங்கள்.

"திங்கக்கெழமை எங்க இருந்தேன் தெரியுமா?"

"எங்கண்ணே?"

டீ ஒரு வாய். பெஞ்சில் இருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்வை. "கலெக்டர் ஆபீஸ்ல."

"அப்புறம்?"

"வெளிய இல்லப்பா, உள்ள. இந்தா இங்க கலெக்டரு, இந்தா இங்க நானு. நடுவுல ஒரு மேசதான்."

"என்னண்ணே பேசுனீங்க?"

"நான் எதுக்குப் பேசுறேன்? ஒரு பேப்பர நீட்டுனேன். வாங்கிப் பாத்தாரு. பக்கத்துல இருந்த ஆபீசர்கிட்ட 'இதப் பாருங்க'ன்னாரு. அம்புட்டுத்தான். ஆபீசரு எந்திரிச்சுட்டாரு."

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். மனுவோடு வந்த கூட்டம் வாசல் வரை நிற்கும். அண்ணனும் காலையிலேயே போய், தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிய தாளோடு வரிசையில் நின்றிருக்கிறார். கலெக்டர் அவருக்குச் சொன்னதைத்தான் முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் சொன்னார். ஆபீசர் எழுந்தது, சேர்ந்துபோன மனுக்கட்டை அடுத்த மேசைக்குத் தள்ள. அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லை உருவிக் குறுக்கு விசாரணை செய்தாலும் அது உண்மையாகவே நிற்கும். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பெஞ்சில் யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

பில்டப் என்பது ஆங்கிலத்தில் ஒரு வினையும் ஒரு துண்டும் ஒட்டிப் பிறந்த சொல். அங்கே அதற்கு ஆயிரம் வேலை. நெஞ்சில் சளி பில்டப் ஆகும், எல்லையில் படை பில்டப் ஆகும், பல்லில் காரை, அட்டையில் கடன். பெரும்பாலும் சத்தமில்லாமல் சேர்கிற சமாசாரம். நாம் அதை வாங்கி வந்து கொடுக்கல் வாங்கலில் இறக்கிவிட்டோம். தமிழில் பில்டப் தானாக ஆகாது. ஒருத்தர் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் இருந்தால் வாங்குகிறவரும் வேண்டும். "ரொம்பத்தான் பில்டப் குடுக்குறான்" என்றால் லேசான எரிச்சல். "பில்டப் ஏத்தி விட்டுட்டாங்கப்பா" என்றால் ஏற்றப்பட்டவர் மேல் பரிதாபம். "ஓவர் பில்டப்பு உடம்புக்கு ஆகாது" என்றால் அது நேரடி மிரட்டல். 2023-இல் '80ஸ் பில்டப்' என்று ஒரு சினிமாவே வந்தது. பெயருக்கு யாரும் அகராதியைப் புரட்டவில்லை.

சொல்தான் இறக்குமதி, சரக்கு நம்முடையது. நம் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு கோயிலில் நந்தாவிளக்கு எரிய யாரோ 96 ஆடு கொடுத்திருப்பார். சொல்ல வேண்டிய செய்தி அவ்வளவுதான். அதைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் மெய்க்கீர்த்தியைக் கடக்க வேண்டும். கல்வெட்டின் தலையில் மெய்க்கீர்த்தி வெட்டும் வழக்கத்தை நிலைநாட்டியவன் முதலாம் ராசராசன். காந்தளூர்ச் சாலையில் தொடங்கி, வேங்கை நாடு, கொல்லம், கலிங்கம், ஈழம் என்று வெற்றியெல்லாம் வரிசையாக வந்து முடிந்த பிறகுதான் ஆடு வரும். மகன் ராசேந்திரனுக்கு ஆட்சி ஆண்டு ஏற ஏற மெய்க்கீர்த்தியும் நீண்டுகொண்டே போனது. கங்கையைச் சேர்த்தான், கடாரத்தைச் சேர்த்தான். மதுரைக்காரன் சோழனைப் பேசுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம், நம் பாண்டியர்களின் மெய்க்கீர்த்தியும் ஒன்றும் அடக்கமானதல்ல. ஒரு விளக்குக்காக அண்ணன் கலெக்டர் மேசை வரை போனதில் நம் கல்வெட்டு மரபு துலங்குகிறதா இல்லையா?

அண்ணனின் நிஜமான சட்டப் பாதுகாப்பு கல்லில் இல்லை, நன்னூலில் இருக்கிறது. பாயிரம் இல்லாமல் நூலே இல்லை என்கிறார் பவணந்தி முனிவர். பாயிரம் என்றால் என்ன? அதிகாரப்பூர்வமான பில்டப். ஆனால் அடுத்த மூச்சிலேயே ஒரு கட்டுப்பாடும் போடுகிறார்: எத்தனை துறையில் கரைகண்டவனானாலும் தன்னைத் தானே புகழக் கூடாது. ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரை எழுதியவர் என்று வேறொருவர்தான் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டும். இத்தோடு நிறுத்தியிருந்தால் அண்ணன் கதை முடிந்தது. முனிவர் இளகிய மனசுக்காரர், நான்கு விலக்குக் கொடுத்திருக்கிறார். மன்னர் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதாடி வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்த வேளையில் புலவன் தன்னைப் புகழலாம்.

இரண்டாவது விலக்கைப் பாருங்கள். தன் ஆற்றல் தெரியாதவர் நடுவில். அண்ணன் வாழ்நாள் முழுக்க வேறு எங்கே இருக்கிறார்?

கஷ்டம் என்னவென்றால், பாயிரம் பாட அவருக்கு ஆள் இல்லை. இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் மேடைக்கு வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்து பாட்டு வரும், கிரீடம் தெரியும், சலங்கைக் கால் தெரியும், ஆள் தெரியமாட்டார். ராஜாவின் பெருமையைப் பேசக் கட்டியங்காரன் தனியாக இருக்கிறான். அரசியல் கூட்டத்தில் தலைவர் இன்னும் வண்டியே ஏறியிருக்கமாட்டார். "இதோ வந்துகொண்டே இருக்கிறார், எல்லையைத் தொட்டுவிட்டார்" என்று இரண்டு மணி நேரம் இழுக்க ஒரு பேச்சாளர் தொண்டையைக் கொடுப்பார். சினிமாவில் சொல்லவே வேண்டாம். 'அண்ணாமலை' 1992-இல் வந்தபோது ரஜினியின் பட்டம் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் ஏறியது. பெயர் போடுவதற்கே விசில். 1995-இல் 'பாட்ஷா' அதற்கும் மேலே போனது. ஆட்டோக்கார மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள், மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வார்த்தை தன்னைப் பற்றிச் சொல்வதில்லை. சுற்றி இருப்பவர்களின் பயந்த கண்கள்தான் பாயிரம். என்னைக் கேட்டால், பவணந்தி முனிவரின் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய தமிழ்ப் படம் அதுதான்.

அண்ணனோ ராஜாவும் தானே, திரை பிடிப்பவரும் தானே, கட்டியங்காரனும் தானே. ஒண்டி ஆளாக இத்தனை வேலை பார்ப்பவரை நாம் கேலி செய்கிறோம்.

அதே வேலையைக் கம்பெனி வைத்துச் செய்தால் மட்டும் காசு கொடுக்கிறோம். அடுக்குமாடி வீடு விற்பவர்கள் 'சூப்பர் பில்டப் ஏரியா' என்று ஓர் அளவு சொல்வார்கள். மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் நம் பங்கைக் கூட்டி நம் வீட்டின் மேல் ஏற்றுவது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கொட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலைப் போட்டால் பீரோ வெளியே நிற்கும். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், உள்ளே புழங்கக்கூடிய கார்பெட் ஏரியாவைக் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்றது. பில்டப்புக்கு எதிராக இந்திய நாடாளுமன்றம் போட்ட ஒரே சட்டம் என்று அதைச் சொல்லலாம். மனைத் தொழில் மட்டும் அசரவில்லை. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதும் சுற்றுவட்டாரப் பொட்டல் எல்லாம் 'எய்ம்ஸ் அருகில்' ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி எழும்புவதற்குள் விளம்பரப் பலகை எழும்பிவிட்டது.

பில்டப்பில் ஆபத்தான வகை ஒன்று உண்டு: பணிவு பில்டப். "நமக்கெல்லாம் என்னண்ணே தெரியும்" என்று தரையைப் பார்த்துச் சொல்பவர். அண்ணனிடமாவது தப்பித்து ஓடலாம். இவரிடம் "அப்படிச் சொல்லாதீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று நாம்தான் பாயிரம் பாட வேண்டும். பாடாவிட்டால் நாம் கர்வி. இந்த வகையறா பெரும்பாலும் இலக்கியக் கூட்டங்களில் முன்வரிசையில் இருக்கும். மேலே பேசினால் வம்பு.

அண்ணன் வீட்டில் பில்டப் செல்லாது. அண்ணி ஒரு வார்த்தைதான் பேசுவார். "கலெக்டர் ஆபீசுல இருந்தேன்" என்றால், "ரேஷன் வாங்குனீங்களா?" பிள்ளைகளின் தமிழ் வேறு; அவர்கள் வெறும் "ப்ச்" என்பார்கள். வெளியே அண்ணன் ஏன் இவ்வளவு கொடுக்கிறார் என்பதற்கு விளக்கம் வேண்டுமானால் ஒரு வேளை அந்த வீட்டில் சாப்பிட்டுப் பாருங்கள்.

இப்படிப்பட்ட அண்ணன் மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா திருமங்கலத்தில் ஒரு டீக்கடை பெஞ்சின் அண்ணன். முதல் சந்திப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தோம்.

"நமக்கு நாலு பக்கமும் ஆளு இருக்குங்க. ஒரு போன் போதும்."

"நமக்கு போனே வேணாங்க. நெனச்சா வந்து நிப்பாய்ங்க."

"மண்டபம் எதுன்னாலும் சொல்லுங்க, ஓனரு நம்ம ஆளு."

"ஓனரோட அப்பாவே நம்ம ஆளுதாங்க."

அந்த மண்டபத்துக்கு இருவரும் அட்வான்ஸ் ரசீதோடு வரிசையில் நின்றே தேதி வாங்கினார்கள். அதற்குள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக ஒழுங்காக "அப்புறம்?" கேட்கத் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார் அல்லவா?

மறுவாரம் ஃபிளெக்ஸ் கடை. கல்யாணமோ காதுகுத்தோ, மதுரையில் ஃபிளெக்ஸ் இல்லாமல் நாள் நட்சத்திரமே ஏற்காது. கடைத் தம்பி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"எம்புட்டுக்கு எம்புட்டுண்ணே? சதுர அடிக் கணக்கு."

"இருபதுக்குப் பத்து."

"நமக்கும் அதே இருபதுக்குப் பத்து போடுப்பா. ஒரு அடி கூடப் போட்டாலும் சரி."

"பேருக்கு முன்னால என்ன போட?"

அண்ணன் 'தொழிலதிபர்' என்றார். சம்பந்தி கொஞ்சம் யோசித்து 'பிரபல தொழிலதிபர்' என்றார். அண்ணன் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, "அவருக்கும் பிரபல போடுப்பா" என்றார் பெருந்தன்மையாக.

"கீழ 'இவண்' யாரு?"

கடை அமைதியாகிவிட்டது. வாழ்த்துகிறவர் என்று ஒருவர் வேண்டுமே. பவணந்தி முனிவரின் கேள்வியைத்தான் தம்பி ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து கேட்கிறான். அண்ணன்தான் முதலில் தெளிந்தார்.

"எனக்கு அடிக்கிறதுல இவண் சம்பந்தி பேரப் போடு. சம்பந்திக்கு அடிக்கிறதுல என் பேரப் போடு."

சம்பந்தி எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி தட்டச்சு செய்துகொண்டே சொன்னான்:

"போட்டோ அனுப்புங்கண்ணே, ரெண்டு பேரும். போன் பேசிக்கிட்டே நடந்து வர்ற மாதிரி. சிரிச்ச போட்டோ வேணாம், சிரிச்சா பில்டப் நிக்காது."