குழிக்குக் காசு கட்டின பிள்ளைக

ஏப்பா தம்பி, இப்படி பெஞ்சுல உக்காரு. மெதுவா, மெதுவா. ஏன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நெளியிற? கொழுக்குமலைக்குப் போயிட்டு வாரியா? சரிதான். ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னா ஆரு என்ன பண்ணுறது?

நான் குரங்கணிக்காரன். மகளை இந்தச் சூரியநெல்லியில கட்டிக் குடுத்ததால, வருசத்துல ரெண்டு மாசம் எனக்கு இந்த டீக்கடைதான் கதி. வெள்ளன நாலு மணிக்கே ஜீப்புக உறும ஆரம்பிச்சிரும். அப்ப வந்து எறங்குவீக பாரு ஒரு எறக்கம்! நெத்தியில லைட்டு, நெஞ்சுல கேமரா, கழுத்துல ஒரு தலகாணி. காலுல கெடக்குற பூட்சு வெலைக்கு எங்கூர்ல ரெண்டு ஆட்டுக்குட்டி பிடிக்கலாம். உக்காந்துகிட்டே போறவனுக்கு மலையேறுற பூட்சு எதுக்குடான்னு ஒரு பையனைக் கேட்டேன். "தாத்தா, இது ஆஃப்ரோடு"ன்னான்.

ஆஃப்ரோடுன்னா என்னப்பா? ரோடு இல்லைன்னு அர்த்தம். எங்க சனம் ரோடு இல்லைன்னு மனு எழுதிக்கிட்டுக் கலெக்டர் ஆபீசு வாசல்ல காத்துக் கெடக்கும். நீ ரோடு இல்லைன்னு தெரிஞ்சு காசு கட்டி வந்திருக்க. உங்க தெருவுல ஒரு குழி விழுந்தா படம் பிடிச்சுப் போட்டுக் கார்ப்பரேசனைத் திட்டுற. இங்க குழிக்குக் குழி ஆகான்னு கத்துற. கெட்ட கேட்டுக்கு, போற வழி பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல குலுக்கல். வீட்டுல நெல்லுக் குத்த ஆள் தேடிக்கிட்டு இருந்தேன், உன்னை முன்னாடியே பாக்காமப் போயிட்டேன்.

இன்னொரு கூத்து கேளு. நீ போன கொழுக்குமலைத் தேயிலை எஸ்டேட்டு இருக்குறது நம்ம தேனி மாவட்டம். வண்டி போற வழி மட்டும் கேரளா. சொந்த வீட்டு அடுப்படிக்குப் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாப் போற கதைதான். எங்க பக்கம் இருக்குறது நடை வழி. அது ஏறுனா முட்டி பேசும்.

விடியும்போது உச்சியில நின்னியா? 7000 அடிக்கு மேல, கீழ மேகம் கடல் கணக்கா கெடந்துச்சா? சொர்க்கத்தைப் பாத்தேன்னு போன்ல ஆருகிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தியே, காதுல விழுந்துச்சு. அந்த மேகத்துக்கு அடியிலதான்ப்பா எங்க வீடு. நீ படம் பிடிச்ச நேரத்துக்கு என் மருமக வேப்பங்குச்சியால பல்லு வெளக்கிக்கிட்டு, தண்ணி வரலைன்னு ஆரையாச்சும் வஞ்சுக்கிட்டு இருந்திருப்பா.

மலையைச் சுத்திப் பாத்தேங்குறியே, என்னத்தப் பாத்த? வடக்க டாப் ஸ்டேசன்னு ஒரு ஊரு இருக்கே, மலை உச்சியில ஸ்டேசன் எப்பிடி வந்துச்சுன்னு கேட்டியா? மூணாறுலேருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியா அங்க ரயிலே ஓடிச்சுப்பா. சும்மா விடுறேன்னு நெனைக்காத. 1902-ல ஒத்தைத் தண்டவாளம் போட்டான் வெள்ளைக்காரன். ஒரு சக்கரம் தண்டவாளத்துல, இன்னொரு சக்கரம் தரையில. இழுக்குறது மாடு! பெறகு 1908-ல ரெண்டடி அகலத்துல சின்ன ரயிலு, நெசமான நீராவி இஞ்சினு. தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேசன் வந்து, அங்கேருந்து கம்பி வழியாத் தொங்கிக்கிட்டே எங்க கொட்டகுடிக்கு எறங்கும். அங்கேருந்து போடிக்கு வண்டி. 1924-ல பேஞ்ச மழை ரயிலையும் பாதையையும் வழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. மலையாளத்துக்காரங்க இன்னமும் அதைத் தொண்ணூத்தொம்பது வெள்ளம்னுதான் சொல்லுவாக, அவுக ஆண்டுக் கணக்குல அது 1099.

வெள்ளைக்காரன் தேயிலைக்காகத்தான் போட்டான், நம்மளுக்காக இல்ல. பாறையை ஒடைச்சதும் நம்ம சனம், காட்டை வெட்டுனதும் நம்ம சனம். ஆனாலும் வழி இல்லாத எடத்துக்கு வழி போடணும்னு ஒருத்தனுக்குத் தோணிருக்கு. நீ வழி இருக்குற ஊர்லேருந்து கெளம்பி, வழி இல்லாத எடமாத் தேடி வாரியே, இதை என்னன்னு சொல்ல?

எங்களுக்கு முன்னாடி இந்த மலைக்கு வந்தவுக முதுவமாருக, மலைவாசிச் சனம். மதுரையிலேருந்து சாமியை முதுகுல சுமந்துக்கிட்டு மலையேறுனதால அந்தப் பேருன்னு அவுகளே சொல்லுவாக. ஃபோர் வீல் டிரைவு கெடையாது. நாலு சக்கரம் எங்க, ரெண்டு காலுதான். உன் முதுகுல என்ன? தண்ணிப்பை, அதுல ஒரு குழாய். பச்சப்புள்ள கணக்கா உறிஞ்சிக்கிட்டே போற.

எஸ்டேட்டுல தேயிலை ஃபாக்டரி பாத்தியா? அதைச் சொல்லு. 1930-கள்ல வந்த மிசினு அம்புட்டும். ஜீப்புன்னு ஒரு வண்டி ஒலகத்துல பொறக்குறதுக்கு முன்னாடியே அந்த இரும்பு அங்க ஏறி உக்காந்திருச்சு. எப்பிடி ஏறுச்சுன்னு அந்த மரப் படியில நின்னு ஒரு நிமிசமாச்சும் யோசிச்சியா? பறிச்ச எலையைப் பரப்பி வாட விடுறது, உருட்டுறது, புளிக்க வைக்கிறது, சூட்டுல காய வைக்கிறதுன்னு வரிசையாக் காட்டுவாகளே. அந்த வாசனை ஒண்ணுக்காகப் போகலாம், அதை நான் ஒத்துக்கிறேன். நீ என்ன பண்ண? சிக்னல் கெடைக்குதான்னு ஜன்னலோரமாப் போனைத் தூக்கிக்கிட்டு நின்னேன்னு டிரைவர் சொன்னான்.

அந்த டிரைவரைப் பாத்தியா? ரப்பர் செருப்பு. ஒரு கையில ஸ்டீயரிங்கு, மறு கையில முறுக்கு. நீங்க ஐயோ அம்மான்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வீரம் காட்டுன அதே ரோட்டுல, அவன் நித்தமும் ரெண்டு தடவை போய் வாரான். அவன்கிட்ட எப்பவாச்சும் சாகசம் எப்பிடின்னு கேட்டுப் பாரு. டயர் வெலையைச் சொல்லி அழுவான்.

டீ குடிச்சுட்டியா? கெளம்பு. போடி வழியாத்தான போற? என்னையும் முந்தல்ல எறக்கி விட்டுரு, அங்கேருந்து நான் குரங்கணிக்குப் பஸ் பிடிச்சுக்கிறேன். ஆனா ஒண்ணு தம்பி, குறுக்கு வழி கிறுக்கு வழின்னு எறங்கிராத. தார் ரோட்டுலயே போ.