அப்புறமும் ஓர் ஆணியும்

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. "ஏங்க, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்க" என்று மனைவி சொன்ன அன்றே போய்ப் பார்த்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நன்றாகவே பார்த்தேன். விநாடிக்கு ஒரு சொட்டு. "வாசர் போயிருக்கு, அப்புறம் மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு வந்து பேப்பரை விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

இந்த 'அப்புறம்' எனக்கு வெற்றிலை மாதிரி. எந்நேரமும் வாயில் கிடக்கும். என் மகன் நாலு வயதில், அப்புறம் என்பது என் ஆபீஸ் சிநேகிதர் ஒருவருடைய பெயர் என்று நினைத்திருந்தானாம். சைக்கிள் பஞ்சரா, அப்புறம் பார்ப்பார். ஃபேன் சத்தம் போடுகிறதா, அப்புறம் பார்ப்பார். "இவ்வளவு வேலை செய்யற மாமாவை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடலாம்ல?" என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறான். பாட்டி, அதாவது என் அம்மா, "அவன் வரமாட்டாண்டா கண்ணு. எனக்கு உங்கப்பன் பொறந்ததிலேர்ந்து அவனைத் தெரியும்" என்றாளாம்.

குழாய் விஷயத்தில் நான் சும்மா இருந்ததாக நினைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருமல் மருந்தின் மூடியை எடுத்துக்கொண்டு போய்ச் சொட்டைப் பிடித்தேன். 10 மில்லி நிறைய நூறு விநாடி ஆயிற்று. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக, நாளொன்றுக்கு எட்டரை லிட்டருக்குச் சற்று மேல். எட்டு மாதத்தில் இரண்டாயிரம் லிட்டர், அதாவது மாடியிலிருக்கும் தொட்டி மாதிரி இரண்டு தொட்டி. முதல் தடவை எண்ணும்போது போன் வந்து கணக்கு விட்டுப்போனதால் மறுபடி முதலிலிருந்து எண்ணவேண்டியதாயிற்று. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். வாசர் மாற்றப் பத்து நிமிஷம் ஆகும். "ஏண்டா, அளந்ததெல்லாம் போதும். அதை நிறுத்துடா" என்றாள் அம்மா. விஞ்ஞானத்துக்கு எங்கள் வீட்டில் எப்போதுமே ஆதரவு கிடையாது.

வள்ளுவர் 'மடியின்மை'க்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். 61-வது. அதில் 605-ஆம் குறளில், காலம் கடத்துதல், மறதி, சோம்பல், தூக்கம் என்ற நான்கையும் சேர்த்து, கெட்டுப்போக இருக்கிறவர்கள் விரும்பி ஏறுகிற கப்பல் என்கிறார். அந்தக் கப்பலில் எனக்கு சீசன் டிக்கெட் உண்டு. ஜன்னலோரம்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஞானோதயம் வந்தது. ஜனவரி 1 முதல் எல்லாக் கெட்ட பழக்கத்தையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ஜனவரி 1 மார்கழியில் வருகிறது. மார்கழியில் யாராவது புதிதாக எதையும் தொடங்குவார்களா? சரி, தை பிறக்கட்டும் என்றால் பொங்கலுக்கு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. அதன்பின் தமிழ் வருஷப் பிறப்புதானே முறை என்று சித்திரை 1-க்குத் தள்ளினேன். தமிழனாகப் பிறந்தவனுக்குத் தள்ளிப்போட வேண்டிய சௌகரியங்களைப் பஞ்சாங்கம் குறைவில்லாமல் செய்து கொடுத்திருக்கிறது. தினமும் ராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. மாதத்தில் இரண்டு அஷ்டமி, இரண்டு நவமி. செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்பார்கள். கரிநாள் தனி. இத்தனையும் போக மிஞ்சுகிற நல்ல நேரத்தில் மனுஷன் சாப்பிட வேண்டாமா? கடைசியில் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் கூடவே கூடாது என்ற நெருக்கடியில்தான் ஜூன் 1 என்று உறுதியாயிற்று.

நடுவில் கிடைத்த ஐந்து மாதத்தை வீணாக்கவில்லை. பழக்கத்தை மாற்றுவது எப்படி என்று படித்தேன். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதன் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் புது மூக்குக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து, 1960-ல் ஒரு புத்தகத்தில் எழுதிவைத்தார். மூக்குக்குச் சொன்னதை ஆளுக்கே சொன்னதாகப் பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவர் நிஜமாகவே சோதித்துப் பார்த்தார். 96 பேர், 84 நாள். ஒரு புதுப் பழக்கம் படிய சராசரி 66 நாள் ஆயிற்று. மிகச் சுறுசுறுப்பான ஆளுக்கு 18 நாள். மிகவும் நிதானமான ஆளுக்கு 254 நாள். ஆய்வே 84 நாளில் முடிந்துவிட்டதே, 254 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது கணக்குப் போட்டு வந்த எண். அந்த மனுஷர் போகிற போக்கைப் பார்த்து, இவர் இன்னும் இத்தனை நாள் எடுப்பார் என்று கோடு இழுத்துச் சொன்னது. அதாவது அவரும் 'அப்புறம்' முடிப்பார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கடல் கடந்து எனக்கொரு பங்காளி இருக்கிறார் என்று தெரிந்ததும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. அதே ஆய்வில், நடுவில் ஒருநாள் தவறிவிட்டால் பெரிய பாதகமில்லை என்றும் இருந்தது. அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டு வைத்தேன்.

ஆனால் என்னைக் காரியத்தில் இறக்கியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் தன்னைத் திருத்திக்கொள்ளப் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டு, சின்ன நோட்டில் சிவப்பு மையால் கட்டம் கிழித்து, தப்புச் செய்த இடத்திலெல்லாம் கரும்புள்ளி வைப்பாராம். வாரத்துக்கு ஒரு குணம், வருஷத்துக்கு நாலு சுற்று. சாமான்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். கூடவே ஒரு கதையும் சொல்கிறார். ஒருவன் புதுக்கோடரி முழுதும் பளபளவென்று இருக்கவேண்டும் என்று கொல்லரிடம் கேட்டானாம். நான் அழுத்திப் பிடிக்கிறேன், நீ சக்கரத்தைச் சுற்று என்றாராம் கொல்லர். சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்ததும், "போதும், எனக்குப் புள்ளி போட்ட கோடரிதான் பிடிக்கும்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். நான் சக்கரத்தைச் சுற்றாமலே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவன்.

நானும் ஒரு சார்ட் போட்டேன். தப்புக்குப் புள்ளி வைத்தால் மகளுடைய ஸ்கெட்ச் பேனா தீர்ந்துவிடும் என்பதால், சரியாகச் செய்தால் டிக் என்று மாற்றிக்கொண்டேன். ஐந்தே வரிசை. காலை 5 மணிக்கு எழுதல். நடைப்பயிற்சி. போனைத் தொடாதிருத்தல். சாவியை இடத்தில் வைத்தல். அன்றைய வேலையை அன்றே முடித்தல். குறுக்கே முப்பது கட்டம். நாலு கலரில் கோடு போட்டு முடிக்க மூன்று நாள் பிடித்தது. சமையலறை வாசலில் மாதக் காலண்டர் தொங்கிய ஆணிதான் எல்லார் கண்ணிலும் படுகிற இடம். காலண்டரைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, அந்த ஆணியில் சார்ட்டை மாட்டினேன்.

ஜூன் 1. காலை 5 மணிக்கு அலாரம் அடித்தது. என் போனில் அதைத் தட்டினால் ஒன்பது நிமிஷம் சும்மா இருந்துவிட்டு மறுபடி அடிக்கும். பன்னிரண்டாம் தடவை தட்டியபோது மணி 6.39. இப்படியே ஒரு வாரம். எட்டாம் நாள் எழுந்து கூடத்துக்கு வந்து பார்த்தால், மனைவி குளித்துக் கோலம் போட்டாயிற்று, மகள் பாடம் படிக்கிறாள், மகன் வாசலில் ஸ்கிப்பிங் ஆடுகிறான். "உங்க அலாரம் அடிச்சா யாருக்குத் தூக்கம் வரும்?" என்றாள் மனைவி. என் முயற்சியால் என்னைத் தவிர எல்லாரும் திருந்திவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கூட நடக்கப் போவதாகக் கேள்வி.

போன் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறதே, அந்த ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். அவர் வருத்தப்பட்டதை நான் ஒரு ரீல்ஸில்தான் பார்த்தேன். அடுத்த ரீல் யானை குளிப்பது. அதற்கடுத்தது புளிக்காய்ச்சல். மூன்றாம் நாள் ராத்திரி, கண்ணில் படாவிட்டால் கையில் எடுக்கமாட்டோம் என்று போனை அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்தேன். பத்து மணிக்கு டிரம் பாட ஆரம்பித்தது. அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டாள். மகன் ஓடிப்போய்க் கையை விட்டு எடுத்து, "ஏம்ப்பா, போனைத் தண்ணில போட்டுட்டீங்களா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைவிட அதுதான் கௌரவமாக இருந்தது.

ஒரு பழைய பழக்கத்தோடு புதியதை முடிச்சுப்போட்டால் தானாக வந்துவிடும் என்றும் படித்திருந்தேன். காப்பி குடித்ததும் நடைக்குக் கிளம்புவது என்று முடிச்சுப் போட்டேன். காப்பி குடித்தேன். கிளம்ப மனசில்லை. ஒருவேளை காப்பி போதவில்லையோ என்று இன்னொரு டம்ளர் குடித்தேன். இப்போது தினமும் இரண்டு காப்பி பழக்கமாகிவிட்டது. பதினெட்டே நாள்தான் ஆயிற்று.

28-ந் தேதி லால்குடியிலிருந்து மாமனார் வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்துக் கண்ணில் பட்டால் திருத்தாமல் போகமாட்டார். கைகால் கழுவிக்கொண்டு நேராகச் சார்ட் முன்னால் போய் நின்றார்.

"மாப்பிள்ளை, பரவாயில்லையே! அஞ்சு மணிக்கு எழுந்திருக்கறதுல ஒருநாள்கூட விடலையே நீங்க!"

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். முதல் வரிசை முழுக்க டிக்.

"ஆனா, தினம் ரெண்டு டிக் இருக்கே?"

"அது வந்து மாமா, ஒரு தடவை எழுந்து, மறுபடி..."

"பதினாறாந் தேதி நாலு தடவை எழுந்திருக்கீங்க."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அன்னிக்குப் பாப்பா பொறந்தநாளுப்பா. பாயசம் வச்சேன். ரெண்டு பாக்கெட் கூட வாங்கினேன்."

பால் கணக்கு. பதினேழு வருஷமாக அந்த ஆணியில் தொங்குகிற காகிதத்தில்தான் அவள் பால் கணக்கு எழுதிவருகிறாள். காலையில் பால்காரர் போடுகிற இரண்டு பாக்கெட்டை உள்ளே எடுத்து வரும்போது கை தானாக அந்த ஆணிக்குப் போகும், தேதி பார்த்து டிக் போடும். காலண்டர் போய்ச் சார்ட் வந்ததெல்லாம் கைக்குத் தெரியாது. மனுஷர் ஒரு நாளில் செய்வதில் 43 சதவீதம் இப்படி வேறெதையோ நினைத்துக்கொண்டே கை தானாகச் செய்வதுதான் என்று வெண்டி வுட் என்ற உளவியல் பேராசிரியரின் குழு 2002-ல் எழுதியிருக்கிறது. ஐந்து மாதம் படித்த எனக்கு ஒரு பழக்கம் படியவில்லை. ஒரு பக்கமும் படிக்காத அவள் கை, ஆணியைப் பிடித்துக்கொண்டு பதினேழு வருஷம் ஓட்டிவிட்டது. வயிற்றெரிச்சல்தான்.

அன்று ராத்திரி மாமனார் கூடத்தில் படுத்தார். குழாய் சொட்டிற்று. எங்களுக்கெல்லாம் காது மரத்துப்போயிருந்தது. அவர் நாலரை மணிக்கே எழுந்துவிட்டார். நான் ஆறாவது தடவை அலாரத்தைத் தட்டும்போது மாடியில் யாரோ கேட் வால்வைத் திருகுகிற சத்தம் கேட்டது. "வாசர் இருக்காடா கண்ணு?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அவன் மேஜை டிராயரைத் திறந்து நாலு வாசரை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஹார்டுவேர் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஞாபகம் வந்து நான் வாங்கிப்போட்டவை. நான் எழுந்து வந்தபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மீதி மூணு பத்திரமா இருக்கு மாப்பிள்ளை. உங்க பேரன் காலத்துக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு மாதமாக விநாடிக்கு ஒன்று என்று தாலாட்டிய சத்தம் நின்றுபோயிருந்தது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இரண்டு மணி, மூன்று மணி என்று புரண்டு, அலாரம் அடிக்குமுன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மணி ஐந்து அடித்தபோது நான் முழு விழிப்பில் இருந்தேன். "உடம்பு ஏதும் சரியில்லையாங்க?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் பேசவில்லை. ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு போய், முதல் வரிசை, 30-ந் தேதிக் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். பக்கத்தில் இரண்டு சின்ன டிக்குக்கு இடம் விட்டிருந்தேன்.

மறுநாள் பால்காரர் வாசலில் நின்று கணக்குப் பார்த்தார். அவர் நோட்டில் அறுபத்திரண்டு பாக்கெட். எங்கள் சார்ட்டில் அறுபத்து மூன்று. மனைவி விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினாள். நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன்.

"அம்மா, இந்தக் கடைசி நாள்ல ஒண்ணு தப்பா விழுந்திருக்கும்மா. நமக்கு வேண்டாத காசு எதுக்கு?" என்று சொல்லி, பால்காரர் காதிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து என் டிக்கை அடித்துவிட்டுப் போனார்.