மாமாவுக்கு எந்த கார்டு?

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டிவலி பரவாயில்லையா? நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டோம். ஆதார், வாக்காளர் அட்டை, பான் கார்டு, மஞ்சள் ரேஷன் கார்டு எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டீர்களாம். மதகடிப்பட்டு ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். ஆனால் நயாகரா பார்க்க பஃபலோவுக்குப் போகிற விமானத்தில் இதில் ஒன்றும் செல்லாது.

உள்நாட்டு விமானம் என்றதும் புதுச்சேரி லாசுப்பேட்டை விமான நிலையத்தில் பெங்களூருக்கு ஏறினீர்களே, அதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே ஆதார் போதும், அதுவும் போனில் இருந்தால் போதும். போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக்கைக்கூட ஏற்றுக்கொள்கிறார்கள். இங்கே கதை வேறு.

2001 செப்டம்பரில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, ஆளுக்கு ஆள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு மாதிரி லைசென்ஸ் வைத்திருந்தால் சரிப்படாது என்று 2005-இல் 'ரியல் ஐடி' சட்டம் கொண்டுவந்தார்கள். 2008-க்குள் முடிக்க வேண்டியது. தள்ளி, மறுபடி தள்ளி, கடைசியில் 2025 மே 7-இல்தான் விமான நிலையத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். நம்ம ஊர் ரோடு வேலையைப் பற்றி இனி என்னிடம் யாரும் குறை சொல்லக் கூடாது.

அந்தச் சட்டப்படி எடுத்த லைசென்ஸில் மேல் மூலையில் ஒரு நட்சத்திரம் இருக்கும். அது இல்லாமல், பாஸ்போர்ட் மாதிரி வேறு எதுவும் கையில் இல்லாமல் வந்து நிற்பவர்களிடம் 2026 பிப்ரவரியிலிருந்து 45 டாலர் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் தேடி ஆள் அவர்தானா என்று பார்க்கிறார்கள். நாலாயிரம் ரூபாய், மாமா! அதுவும் பத்து நாளைக்குத்தான்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் ராத்திரி இதே பஞ்சாயத்துதான். என் லைசென்ஸில் நட்சத்திரம் இருக்கிறது, அதுவே போதும் என்பது என் கட்சி. உங்கள் மகள் பாஸ்போர்ட் கட்சி. விசாவில் இருக்கிறவனுடைய லைசென்ஸ், இங்கே தங்கும் அனுமதிக் கெடு முடிகிற நாளில் தானும் முடிந்துவிடும், அதை எப்படி நம்புவது என்கிறாள். நியாயம்தான். ஆனால் பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ், தூதரகம், விசா என்று மூன்று வாசல் ஏற வேண்டுமே என்று எனக்கு வயிற்றைக் கலக்கும். நம்ம பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீடுகளில், 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பெரியவர்கள் அந்தக் காகிதத்தை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துக் காப்பாற்றினார்களே, அப்படித்தான் உங்கள் மகள் பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் பைக்குள் பையாக வைத்திருக்கிறாள். கேட்டவுடன் எடுக்க முடியாது. பின்னால் வரிசை நிற்கும். பேத்திக்கு இந்தத் தொல்லை இல்லை. 18 வயதுக்குள் இருப்பவர்கள் பெரியவர்களோடு வந்தால் அடையாள அட்டையே கேட்பதில்லை.

கார்டை விடப் பெரிய வம்பு பெயர்தான். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் கார்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கோ பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். பெயர் வைத்த அப்பா உயிரோடு இருக்கிறார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பல் டாக்டரின் வரவேற்பறையில் "மிஸ்டர் ஃபினூ" என்று கூப்பிட்டால் எழுந்து போகப் பழகிவிட்டேன். நம்ம ஊர் திருபுவனைப் பெருமாள் கோயில் கல்வெட்டில் 11-ஆம் நூற்றாண்டிலேயே 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள் என்று கணக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் என்ன என்று ஒருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு வேறு மாதிரி. ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், பாஸ்போர்ட்டில் உங்கள் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில். அதனால் இங்கே உங்களை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "அவர் காலமாகிப் பல வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். கையைத் தூக்கினால் போதும்.

ஆக, உங்களுக்கும் அத்தைக்கும் பாஸ்போர்ட் ஒன்றுதான். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை இங்கே உள்நாட்டு விமானத்திலும் தாராளமாக ஏற்றுக்கொள்கிறார்கள். உறை, பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம், கழற்றச் சொல்லுவார்கள். மதகடிப்பட்டு தாண்டியதும் தமிழ்நாட்டு எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் பஸ்ஸில் ஏறிப் பையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவார்களே, அந்த ஞாபகத்தில் பையை நீட்டாதீர்கள். இங்கே முதலில் முகம், அப்புறம்தான் பை.

பஃபலோ டிக்கெட் இன்னும் போடவில்லை. இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் போட்டோ இருக்கும் பக்கத்தை, விரல் மறைக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள். ரேஷன் கார்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். நீங்கள் இல்லாத மாதத்தில் அரிசி ஏதாவது போட்டால் வாங்கி வைப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை