மண்ணைக் கேளுங்கள்

கேள்வி: தாம்பரத்தில் ஃபிளாட் வாங்கப் போகிறேன். நிலநடுக்கம் வந்தால் தாங்குமா? (வாசகர், சேலையூர்)

பதில்: நிலநடுக்கத்துக்கு முன்னால் மழையைத் தாங்குமா என்று கேளுங்கள்! 2014 ஜூன் 28 மாலை சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அன்று பூமி நடுங்கவில்லை, மழைதான் பெய்தது. எஞ்சி நின்ற பக்கத்துக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இறந்தவர்களில் பலர் பிழைப்புக்கு வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

இனி நிலநடுக்கத்துக்கு வருவோம். 2001 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழே கார் நிறுத்தம், மேலே வீடுகள் என்ற அமைப்பில் தரைத்தளத் தூண்கள் பலவீனமாக இருந்தது முக்கியக் காரணம். நம் புறநகரிலும் பல கட்டடங்களில் அதே அமைப்புதான். டைல்ஸின் பளபளப்பை அப்புறம் ரசிக்கலாம். முதலில் மண் பரிசோதனை அறிக்கையையும் தூண் வரைபடத்தையும் வாங்கி, பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.